அதிதி வரும்வரை அமுக்கக் கூடாது

எங்கள் தோட்டத்தில் திறப்பு விழா நடக்காத எதையும் யாரும் தொடுவதில்லை. பயம் அல்ல, பழக்கம். கீழ்ப்பிரிவுத் தண்ணீர்த் தாங்கி கட்டி முடித்து, குழாய் பூட்டி, நீல வர்ணம் பூசி நிற்கிறது. பெண்கள் அதன் நிழலில் குடங்களை இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டு ஓடைக்குப் போகிறார்கள். பஸ் தரிப்பிடத்தின் வாசலில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. மழை வந்தால் எல்லாரும் அதற்கு வெளியே, கூரை விளிம்பு ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே நிற்கிறார்கள். நாடா நனைந்து தொங்கினால் யாராவது இழுத்துக் கட்டிவிடுவார்கள்.

ஆளி என்கிற சுவிட்சும் இந்தப் பழக்கத்துக்குள்தான் வந்து சேர்ந்தது.

நமுனுகுல மலையின் பசறைப் பக்கத்துச் சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரையில் சூரியத் தகடுகள் பூட்டினார்கள். அதில் உண்டான மின்சாரம் கம்பி வழியாக வெளியே எங்கோ போனது. உள்ளே பிள்ளைகளுக்குப் பால் விறகடுப்பில்தான் காய்ந்தது. என் மனைவி சுபாஜினிதான் அங்கே ஆயா. எங்கள் மகள் யதுஷாவும் அங்கேதான் இருந்தாள்.

பிறகு பெருந்தோட்டச் சூரிய ஒளிப் பாதுகாப்புச் சபை வந்தது. சுவரில் ஒரு பெட்டி வைத்தது. கண்ணாடிக் கதவு, பூட்டு. உள்ளே காளான் போல ஒரு சிவப்புக் குமிழ். பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நாடா. நாடாவுக்கு மேலே ஓர் அறிவிப்பு: ‘அதிதி வரும்வரை அமுக்கக் கூடாது.’ பக்கத்தில் இன்னொரு பலகை இருந்தது. குமிழ் எதற்கு, எப்போது அமுக்க வேண்டும் என்று அதில்தான் எழுதியிருந்தது. அதன் மேல் ஒரு சின்னத் திரை போட்டிருந்தார்கள். அதையும் அதிதிதான், திறந்து வைக்க வரும் பெரிய மனிதர்தான், நீக்க வேண்டும்.

ஆகவே அந்தக் குமிழ் என்ன செய்யும் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தோட்டத் தலைவர் மாரிசாமி அது துரை பங்களாவுக்குக் கேட்கும் மணி என்றார். அடித்தால் துரை கோபப்படுவார் என்பதால்தான் பூட்டியிருக்கிறார்களாம். ஆயுத பூசையன்று கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் பொட்டு வைத்தவர்கள் பெட்டிக்கும் வைத்தார்கள். முன்னால் கற்பூரம் கொளுத்தினார்கள்.

தீப்பிடித்தது ஒரு நடுப்பகலில். நான் பதுளையில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நடந்ததைப் பிறகு சொன்னார்கள். கூரையிலிருந்து புகை வந்திருக்கிறது. சுபாஜினி பிள்ளைகள் எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டாள். யாரோ மெயினை நிறுத்தியிருக்கிறார்கள். “கரண்ட நிப்பாட்டியாச்சு, தண்ணி ஊத்துங்க!” என்று கத்தியிருக்கிறார்கள். அவள் வாளியோடு இரும்பு ஏணியில் ஏறினாள்.

மெயின் நின்றிருந்தது. வெயில் நிற்கவில்லை.

அந்த நேரத்தில் மாரிசாமி ஓடிப்போய்ப் பெட்டியைச் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நெருப்பு பட்டு அது பொசுங்கிவிடக் கூடாது என்று. கண்ணாடியை அவர் தொடவில்லை. அரச சொத்தைக் காப்பாற்றியதற்காகச் சபை அவருக்குப் பிறகு ஒரு சான்றிதழ் கொடுத்தது. அவர் வீட்டுச் சுவரில் அது இருக்கிறது. நான் பார்த்தேன்.

சுபாஜினியின் எட்டாம் நாள் சடங்கு கழிந்த பிறகு றிகாஸ் என்னைத் தேடி வந்தார். பதுளையிலிருந்து வந்து தகடுகளைப் பூட்டிய மின் வேலைக்காரர். தின்பண்டப் பொட்டலம் ஒன்றை யதுஷாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, மெயின நிப்பாட்டினா ஊர்லேர்ந்து வர்ற கரண்ட்தான் நிக்கும். தகட்டுல வெயில் படுற வரைக்கும் கூரையில கரண்ட் இருக்கும். அந்தச் செவப்புக் குமிழ அமுக்கினா ஒவ்வொரு தகடும் தனித்தனியா செத்துப்போகும். அதுக்குத்தான் அத வச்சது.”

“இத யாருகிட்டயும் சொல்லலியா?”

“சொல்லப்போனேன். திரைநீக்கத்துக்கு முன்னாடி விளக்கம் குடுக்கக் கூடாதுண்டு சபையில சொல்லிட்டாங்க.”

விசாரணை பெரட்டுக் களத்தில் நடந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். சபையின் பிரதிப் பணிப்பாளர் யேசுரத்தினம் பண்டாரவளையிலிருந்து வந்திருந்தார். நல்ல குரல். தீக்குக் காரணம் வயரைக் கடித்த குரங்கு என்று முதலில் தீர்மானித்தார்கள். குரங்குக்குச் சபையில் அனுமதிப் பத்திரம் இல்லை என்பது குறித்துக்கொள்ளப்பட்டது. பிறகு ஆளி ஏன் பயன்படவில்லை என்று ஒரு கிழவி கேட்டாள். யேசுரத்தினம் எழுந்து நின்றார்.

“அம்மா, நல்ல கேள்வி. சுவரில் ஒரு பொருள் இருந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஆளி அல்ல. திறந்து வைக்கப்படாத ஆளி சட்டத்தின் பார்வையில் ஆளியே அல்ல. அது எங்கள் சொத்துப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. இல்லாத ஆளி வேலை செய்யவில்லை என்று சபையைக் குறை சொல்வது, பிறக்காத பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று சொல்வது மாதிரி. திறப்பு விழாவுக்கு நாங்கள் அதிதியைத் தேடிக்கொண்டுதான் இருந்தோம். ஏணியில் ஏறிய அந்தப் பிள்ளை, பாவம், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.”

சிலர் கை தட்டினார்கள். பேச்சு முடிந்தால் கை தட்டுவதும் ஒரு பழக்கம்.

அனுதாப அடிப்படையில் எனக்கு ஒரு வேலை தந்தார்கள். பதவியின் பெயர் ஆளிக் காப்பாளர். பட்டதாரிகளுக்கு மட்டும். கடமை ஒன்றுதான்: திறப்பு விழா வரை ஆளியை யாரும் அமுக்காமல் பார்த்துக்கொள்வது. நான் ஒத்துக்கொண்டேன். கூரையைத் திருத்தி, அதே தகடுகளை மறுபடி பூட்டி, பிள்ளைக்காம்பராவை மறுபடி நடத்தத் தொடங்கியிருந்தார்கள். யதுஷாவை விட வேறு இடம் இல்லை. அவள் அந்தக் கூரையின் கீழ் இருக்கும்வரை அந்தப் பெட்டி திறந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தால் முடியும் என்று நினைத்தேன்.

சபையின் பண்டாரவளைக் காரியாலயத்தில் சாவி கேட்டேன்.

“சாவி உங்களுக்கு எதுக்கு?” என்றார் யேசுரத்தினம்.

“பெட்டியத் தொறக்க, சேர்.”

“தொறந்தா நீங்க எதக் காக்கப் போறீங்க?”

சாவியில்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

மாரிசாமி நாடாவைத் திருப்பிக் கட்டவில்லை. சபை புது நாடா அனுப்பியிருந்தது. அதை அவரே கட்டினார். முடிச்சைச் சரி பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “கவலப்படாதீங்க தம்பி. இப்ப படிச்ச ஆளு காவலுக்கு இருக்கு.”

சுபாஜினியின் இடத்துக்கு றீட்டா வந்தாள். அடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண். வேலைக்கு வந்த முதல் நாளே என்னிடம் கேட்டாள். “அண்ணே, நெருப்பு புடிச்சா நான் என்னா செய்யணும்?”

“பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெளிய ஓடு. ஏணியில மட்டும் ஏறாத.”

“நீங்க?”

நான் பெட்டியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கண்ணாடி நன்றாகத் துடைத்திருந்தது. துடைப்பதும் என் கடமை.

எனக்குப் பயிற்சி தேவை என்று சபை முடிவு செய்தது. பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் செயலமர்வு. ஊவா மாகாணத்தில் ஆளி வைத்த தோட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் காப்பாளர்கள் வந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி ஆரம்பித்தார்கள். மேடைத் திரை விளக்கில் பட்டு ஓரம் கருகியது. ஒருவர் தேநீரை ஊற்றி அணைத்தார். அது நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் நாடாவைப் பிடிப்பது, கத்தரிக்கோல் தட்டை ஏந்துவது, அதிதிக்கு வெயில் படாமல் குடை பிடிப்பது. பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொருவரும் மாறி மாறி அதிதியாக நடித்தோம். அமுக்கிப் பழக ஆளியின் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். படத்தை மெதுவாக அமுக்க வேண்டும், கமராக்காரருக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள்.

கேள்வி நேரத்தில் கை உயர்த்தினேன்.

“சேர், திறப்பு விழாவுக்கு முன்னாடி பகல்ல தீப்பிடிச்சா?”

யேசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் நிலைமை அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, மனம் திறந்து பேசுகிறேன். நாடா வெட்டிய பிறகு வருகிற நெருப்புக்குச் சபை பதில் சொல்ல வேண்டும். வெட்டுவதற்கு முன் வருகிற நெருப்புக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. இப்போது நம்முடைய மாகாணத்தில் இத்தனை ஆளிகள் இருக்கின்றன. ஒன்றாவது தவறியதாகப் பதிவு உண்டா? இல்லை. ஏன்? ஒன்றையும் நாங்கள் திறக்கவில்லை. பாதுகாப்பு என்பது இதுதான்.”

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

அதிதிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவருக்கு நாள் சரியில்லை. ஒருவர் நாள் சரியாக வருவதற்குள் பதவி இழந்தார். ஒருவர் வரும் வழி செப்பனிடப்பட வேண்டும் என்றார். பாதை போட்டார்கள். அதற்கும் ஒரு நாடா கட்டியதால் அவரால் அதில் வர முடியவில்லை.

கடைசியில் நாள் குறித்தார்கள். சுபாஜினியின் திதியன்று. யேசுரத்தினத்தின் யோசனை. பளிங்குக் கல்லில் பெயர் வெட்டினார்கள்: சுபாஜினி ஞாபகார்த்த அவசர நிறுத்தல் ஆளி. அவள் பெயருக்கு ஒரு வரி. அதிதியின் பெயருக்கும் பதவிகளுக்கும் மிச்சக் கல். நான் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. நாடா வெட்டினால் சரி.

அன்று நல்ல வெயில். திருத்திய கட்டடமும் திறக்கப்பட வேண்டியதாகையால் பிள்ளைக்காம்பராவின் வாசலிலும் ஒரு நாடா கட்டியிருந்தார்கள். பிள்ளைகளைச் சட்டை அழுக்காகாமல் உள்ளே வரிசையாக நிறுத்தி, கையில் வெற்றிலைக் கொத்துக் கொடுத்திருந்தாள் றீட்டா. யதுஷா முதலாவது. அவள்தான் மாலை போட வேண்டும். மாலை அவளைவிட நீளம்.

ஆளியைச் சோதிக்க றிகாஸ் வந்திருந்தார். பூட்டைத் திறக்கச் சாவி அதிதியோடு வருகிறது என்றார்கள். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தார்.

மாரிசாமியின் ஆட்கள் ‘வருக வருக’ என்று எழுதிய பலகையைக் கூரை முகப்பில் ஏற்றினார்கள். நீளமான ஆணிகள். அடிக்கும் சத்தம் கேட்டு றிகாஸ் எழுந்தார்.

“அந்த எடத்துல அடிக்க வாணாம்! கீழால வயர் போகுது!”

“மறுபக்கமும் ஒண்ணு அடிச்சாத்தான் பலக நேரா நிக்கும், பாய்,” என்றார் மாரிசாமி. அடித்தார்கள். பலகை நேராக நின்றது. அதன் பின்னாலிருந்து முதலில் ஒரு நூல் போலப் புகை வந்தது. பிறகு வெடுக்கென்று சத்தம். பிறகு தீ.

றீட்டா கத்தவில்லை. பிள்ளைகளை வாசலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் குனிய வைத்து நாடாவுக்குக் கீழாக வெளியே அனுப்பினாள். சின்னப் பிள்ளைகள். பலருக்குக் குனியவே தேவைப்படவில்லை. நாடா அறுபடாமல் எல்லாரும் வெளியே வந்தார்கள். கடைசியில் அவள் வரும்போது மட்டும் அது தோளில் சிக்கி அறுந்தது. “ஐயோ, மன்னிச்சுக்கங்க தலைவரே,” என்றாள்.

யாரோ மெயினை நிறுத்தினார்கள். யாரோ தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏணிக்குப் போனார்கள். “கரண்ட நிப்பாட்டியாச்சு!” என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றுதான் காதால் கேட்டேன்.

மேடையில் குத்துவிளக்கு இருந்தது. பித்தளை, கனமானது, எண்ணெய் ஊற்றி இன்னும் ஏற்றாதது. தூக்கிக்கொண்டு பெட்டிக்குப் போனேன். யேசுரத்தினம் கைபேசியில் பேசிக்கொண்டே குறுக்கே வந்தார்.

“தம்பி, பொறுங்க. அதிதி பசறை தாண்டிட்டார். வந்துட்டார்.”

கண்ணாடியை உடைத்தேன். குமிழை அமுக்கினேன். உள்ளே போய் நின்றது. வேறு ஒன்றும் நடந்த மாதிரித் தெரியவில்லை. வெயில் அப்படியே அடித்தது.

றிகாஸ் வாளிக்காரனை ஏணியிலிருந்து இழுத்து இறக்கினார். தான் ஏறினார். மின்சாரம் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். “செத்துட்டு!” என்று கூவினார். “லைன் செத்துட்டு, தம்பி!” ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அடித்தார். அது அணைந்த பிறகு கருகிய வயர்களைக் கையால் பிரிக்கத் தொடங்கினார். “நான் எறங்குற வரைக்கும் அதத் திருகிட வாணாம். திருகினா நான் மவுத்து.”

திருகினால் குமிழ் வெளியே வரும். தகடுகள் உயிர் பெறும். யேசுரத்தினத்துக்கும் அது தெரிந்திருந்தது. அதுதான் அவருடைய பிரச்சினை.

“தம்பி, அத ஒருக்கா வெளிய எடுங்க.”

“றிகாஸ் மேல இருக்காரு, சேர்.”

“தெரியுது. ஆனா அதிதி வர்றப்ப ஆளி ஏற்கெனவே அமுங்கியிருந்தா, அவர் எதை அமுக்குறது?”

“கூரையில ஆள் இருக்கு.”

“ஒரு நிமிஷம்தானே? அவர் அமுக்கினதும் மறுபடி செத்துரும்தானே? அந்த ஒரு நிமிஷம் பாய எதையும் தொடாம இருக்கச் சொல்லலாம்.” அண்ணாந்து கூப்பிட்டார். “பாய்! ஒரு நிமிஷம் கைய மேல தூக்கிக்கிட்டு நிக்கிறீங்களா?”

“தகரத்துல நிக்கிறேன், சேர்!” என்றார் றிகாஸ். “காலயும் தூக்கவா?”

நான் குமிழின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். யேசுரத்தினம் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பலமில்லாத ஆள். பிறகு என் உத்தியோகத்தை நினைவூட்டினார். பிறகு என் மகளை. யதுஷா மாலையைத் தரையில் இழுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை எடுக்கவில்லை. துணிச்சல் என்று சொல்ல முடியாது. எடுக்கத் தோன்றவில்லை.

வாகனங்களின் ஹோர்ன் சத்தம் கேட்டது. புது நாடா கண்ணாடியோடு கிழிந்து கிடந்தது. யேசுரத்தினம் தலையில் கை வைத்தார். அப்போது மாரிசாமி சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

“நல்லவேள, சேர். அந்தப் பழைய நாடா எங்கிட்ட இருக்கு.”

நாலு மடிப்பும் கலையாமல் இருந்தது. அதை எடுத்து உதறினார். என் கையை அகற்ற முடியாததால் என் மணிக்கட்டோடு சேர்த்துப் பெட்டியில் சுற்றிக் கட்டினார். முடிச்சைச் சரி பார்த்தார்.

அதிதி வந்தார். மேளம் அடித்தார்கள். யதுஷா மாலை போட்டாள். அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். கூரையைப் பார்த்தார்.

“மேல யாரு?”

“பராமரிப்பு ஊழியர், சேர்,” என்றார் யேசுரத்தினம்.

“கருகின வாசம் வருதே?”

“சாம்பிராணி, சேர்.”

அதிதி என் மணிக்கட்டில் நாடாவை வெட்டினார். கத்தரிக்கோல் குளிர்ந்திருந்தது. பிறகு என் கைமேல் தன் கையை வைத்து, கமராவைப் பார்த்து, மெதுவாக அமுக்கினார். மிருதுவான கை. சிறிய திரையை நீக்கினார். பலகையில் எழுதியிருந்ததை உரக்க வாசித்தார்: “பகல் நேரத்தில் தீ ஏற்பட்டால் உடனடியாக இந்தக் குமிழை அமுக்கவும். மின் இணைப்பைத் துண்டித்தால் மட்டும் போதாது. கூரையைத் தொட வேண்டாம்.” பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். றீட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி கை தட்டினார்கள்.

அதிதி போன பிறகு றிகாஸ் இறங்கினார். கையெல்லாம் கரி. என் தோளைத் தொட்டார்.

“தம்பி, நான் எறங்கிட்டேன். இனி கைய எடுங்க.”

நான் எடுக்கவில்லை. வெயில் இருந்தது. பந்தலைப் பிரித்தார்கள். நாற்காலிகளை லொறியில் ஏற்றினார்கள். றிகாஸ் போகாமல் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தார். சூரியன் நமுனுகுலவுக்குப் பின்னால் இறங்கி, தகடுகள் கறுத்த பிறகு யதுஷா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, பசிக்குது.”

கையை எடுத்தேன். உள்ளங்கையில் வட்டமாக ஓர் அச்சு இருந்தது.

திறக்கப்படாத ஆளியை அமுக்கியதாகச் சபை என்மேல் குற்றம் சாட்டியது. சான்றாக அதிதியின் கைக்குக் கீழே என் கை இருக்கும் படத்தை இணைத்திருந்தது. திறக்கப்படாத ஆளி ஆளியே அல்ல, ஆகவே நான் எதையும் அமுக்கவில்லை என்று பதில் எழுதினேன். யேசுரத்தினம் அதை ஏற்றுக்கொண்டார். நேர்மையான மனிதர். குத்துவிளக்கைத் தவறான காரியத்துக்குப் பயன்படுத்தியதற்காக மட்டும் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பெட்டிக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். புதுப் பூட்டு. புதிய கண்ணாடிக்குத் திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை. நாடா கட்டியிருக்கிறது. மாரிசாமி அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

நானும் போகிறேன். மழை நாட்களில் இல்லை, வெயில் அடிக்கும் நாட்களில். றீட்டா உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். சுவரோரம் நின்று குடிப்பேன். சட்டைப்பையில் ஒரு கல் வைத்திருக்கிறேன். யதுஷா ஓடையிலிருந்து பொறுக்கித் தந்தது. கைக்கு அடக்கமாக இருக்கிறது.